ஜாவாவின் பழைய பள்ளிவாசல்களில் ஏன் குவிமாடம் இல்லை?

ஓட்டைக்குடை:
இந்தோனேசியாவில் டெமாக் பெரிய பள்ளிவாசலின் படம் பார்த்தேன். 15ஆம் நூற்றாண்டில் எழுந்ததாம். குவிமாடமே இல்லை, மூன்றடுக்குக் கூரைதான், பெயர் தெரியாமல் பார்த்திருந்தால் பாலித் தீவுக் கோயில் என்றே சொல்லியிருப்பேன். மதம் மாறினால் கட்டடமும் மாறாதா?

தச்சுக்கழி:
தொழுகைக்கு வேண்டியது கிப்லா, அதாவது மக்கா இருக்கும் திசை பார்த்த சுவரும், ஊரே வரிசையில் நிற்க ஒரு கூடமும்தான். குவிமாடம் கட்டாயமே இல்லை. ஜாவாவில் கையில் இருந்தது தேக்கும் நல்ல தச்சர்களும். நடுவில் நான்கு பெருந்தூண்களை நிறுத்தி மேலே கூரையை அடுக்கினால் அந்த ஊர் மழைக்குத் தண்ணீர் சட்டென்று வழிந்துவிடும், அடுக்குகளுக்கு இடையில் காற்றும் வரும். டெமாக்கின் நான்கு தூண்களில் ஒன்றை மரச்சிம்புகளைச் சேர்த்தே, ஜாவாவில் இஸ்லாத்தைப் பரப்பிய ஞானி சுனான் காலிஜாகா செய்தார் என்று ஒரு கதை உண்டு.

செங்கல்சூளை:
அதே ஜாவாவில் இருக்கும் குடுஸ் ஊரையும் பாருங்கள். அங்கே பள்ளிவாசல் கோபுரம் அசல் கிழக்கு ஜாவா இந்துக் கோயில் மாதிரி, முழுக்கச் செங்கல். பக்கத்து இந்து மக்கள் மனம் நோகாமல் இருக்கப் பசுமாடு அறுக்க வேண்டாம் என்று அங்கே இஸ்லாத்தைப் பரப்பிய சுனான் குடுஸ் சொன்னதாக வழக்கு, இன்றும் அந்த ஊர் ஸ்பெஷல் எருமைக்கறி சூப்தான்.

ஓட்டைக்குடை:
சரி, அப்புறம் குவிமாடம் எப்படி வந்தது?

தச்சுக்கழி:
அதில் அரசியல் நிறைய. சுமத்ராவின் வடமுனையில் இருக்கும் ஆச்சேயில், டச்சுக்காரர்களோடு நடந்த 1873 போரில் பழைய பைதுர்ரஹ்மான் பள்ளிவாசல் எரிந்துபோனது. கோபத்தைத் தணிக்க டச்சுக்காரர்களே 1879-81இல் முகலாய பாணியில், குவிமாடம் வைத்துக் கட்டிக் கொடுத்தார்கள். எரித்தவனே கட்டிக் கொடுத்தால் கோபம் போய்விடுமா என்ன! 1978இல் திறந்த ஜகார்த்தா இஸ்திக்லால் பள்ளிவாசலுக்கு 45 மீட்டர் விட்டத்தில் குவிமாடம், வடிவமைத்த சிலாபான் ஒரு கிறிஸ்தவர். பிறகு அதிபர் சுகார்த்தோ காலத்து அறக்கட்டளை ஒன்று பழைய அடுக்குக் கூரையிலேயே நூற்றுக்கணக்கில் பள்ளிவாசல்கள் கட்டியது. ஆகவே மதம் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு பாணியை விளக்க முடியாது.

கடலோரக்காரன்:
இவ்வளவு தூரம் எதற்கு, கீழக்கரைப் பழைய ஜும்மா பள்ளிக்குப் போய்ப் பாருங்கள். கல்தூண், அதன் தலையில் உத்தரத்தைத் தாங்கும் பொதிகை எல்லாம் கோயில் மண்டபத்தில் பார்ப்பது போலவே இருக்கும், உருவச் சிற்பம் மட்டும் கிடையாது, அந்த இடத்தில் பூவும் கொடியும்.