டிஜிட்டல் காலிப்பர் அசலா, டூப்ளிகேட்டா? வீட்டுப் பட்டறையிலேயே சோதிக்க வழி உண்டா?

கேள்வி (மயிலாடுதுறை)

அனைவருக்கும் வணக்கம். வீட்டின் பின்கட்டில் சிறிய லேத் ஒன்றை வைத்துக்கொண்டு, சுற்றுவட்டார விவசாயிகளின் பம்புசெட் மோட்டார்களுக்கும் பவர் டில்லர்களுக்கும் ஷாஃப்ட் (சுழலும் தண்டு), புஷ் (உள்ளே செருகும் உருளை வளையம்) ஆகியவற்றைக் கடைந்து கொடுத்து வருகிறேன். அண்மையில் இணையக் கடை ஒன்றில், மிட்டுடோயோ என்ற ஜப்பானிய அளவுக்கருவி நிறுவனத்தின் பெயர் பொறித்த 150 மி.மீ. டிஜிட்டல் காலிப்பரை (இரு தாடைகளுக்கிடையே பொருளை வைத்து அளக்கும் கருவி), திருச்சி விற்பனையாளர் சொன்ன விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு வாங்கினேன். பெட்டி, கையேடு, பரிசோதனைச் சான்றிதழ் எல்லாம் ஒழுங்காகவே இருந்தன. ஆனால் 25 மி.மீ. உள்விட்டம் உள்ள 6205 பேரிங்குக்காக 25.00 என்று காட்டும்வரை கடைந்த ஷாஃப்ட்டில் பேரிங் தளர்வாகச் சுழல்கிறது. அதே இடத்தை மறுபடி அளந்தால் ஒருமுறை 24.97 என்றும் இன்னொருமுறை 25.01 என்றும் வருகிறது. பேட்டரியும் சில வாரங்களிலேயே தீர்ந்துவிடுகிறது. குறுவைக்கு நாற்றுவிடும் பருவம் நெருங்குவதால் மோட்டார் வேலைகள் வந்து குவிந்துவிடும். அதற்குள் இந்தக் கருவியை நம்பலாமா என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

பதில் (துவாக்குடி)

வணக்கம் தம்பி. நான் கொதிகலன் பாகங்கள் செய்யும் துணைத் தொழிற்கூடம் ஒன்றில் தர ஆய்வுப் பிரிவில் இருக்கிறேன். உங்கள் கேள்வியில் இரண்டு சிக்கல்கள் பின்னிக் கிடக்கின்றன. கருவி அசலா என்பது ஒன்று. அசலாகவே இருந்தாலும் இந்த வேலைக்கு அது போதுமா என்பது மற்றொன்று.

பெட்டியையும் சான்றிதழையும் முதலில் ஒதுக்கி வையுங்கள். இவை அச்சுக்கூடத்தில் செய்யக்கூடியவை. சான்றிதழில் உள்ள வரிசை எண்ணும் கருவியில் பொறித்த எண்ணும் வேறுபட்டால் போலி என்றே சந்தேகிக்க வேண்டும். ஒன்றாக இருந்தாலோ, அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது, ஏனெனில் ஒரே எண்ணை எத்தனை பெட்டிகளில் வேண்டுமானாலும் அச்சிடலாம். எழுத்தின் தடிமன், பொத்தானின் நிறம் என்று ஒப்பிட்டுக் காட்டும் காணொளிகள் நிறைய உண்டு. அவற்றை டூப்ளிகேட் செய்பவர்களும் பார்த்துத் திருத்திக்கொள்கிறார்கள் என்பதால், எனக்கு அவற்றில் பெரிய நம்பிக்கை இல்லை.

பேட்டரியைப் பொறுத்தவரை, கருவியில் எல்.ஆர்.44 (அல்கலைன் பொத்தான் பேட்டரி) இருந்தால் அதை எடுத்துவிட்டு எஸ்.ஆர்.44 போட்டுப் பாருங்கள். அசல் கருவிக்கு உரியது இந்த சில்வர் ஆக்சைடு வகைதான். சாதாரணப் பயன்பாட்டில் அது ஆண்டுக்கணக்கில் உழைக்கும். புதிய எஸ்.ஆர்.44-உம் சில வாரங்களில் ஓய்ந்தால் உள்ளே இருக்கும் மின்சுற்று வேறு என்று கொள்ளலாம்.

அடுத்து, தாடைகளை மூடிப் பூஜ்யம் வைத்து, நகரும் பகுதியைப் பலமுறை வேகமாக முன்னும் பின்னும் தள்ளிவிட்டு, மீண்டும் மெதுவாக மூடுங்கள். அசல் ஆப்சலூட் வகை, அளவுகோலில் தான் நிற்கும் இடத்தை நேரடியாகப் படிக்கிறதே தவிர நகர்வை எண்ணிக் கூட்டுவதில்லை. ஆகவே வேகத்தால் அது தடுமாறாது. பூஜ்யம் திரும்பாவிட்டால் கருவி போலி அல்லது பழுது. திரும்பினால் மட்டும் அசல் என்று ஆகிவிடாது, மலிவான கருவிகள் பலவும் இந்தச் சோதனையில் தேறிவிடும்.

உண்மை தாடைகளில்தான் வெளிப்படும். மூடிய தாடைகளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் இடையில் ஒளி கசியக் கூடாது. பிறகு புதிய 6205 பேரிங்கின் வெளிவிட்டத்தை அளந்து பாருங்கள். சாதாரணத் தரத்தில் அது 52 மி.மீ.-க்கு மேல் போகாது, கீழே 13 மைக்ரான் (0.013 மி.மீ.) வரை குறையலாம். அதைத் தாடையின் அடியில், அது நகரும் தண்டவாளத்தை ஒட்டி ஒருமுறையும், நுனியில் ஒருமுறையும் அளந்தால் இரண்டும் ஏறக்குறைய ஒத்திருக்க வேண்டும். நுனியில் மட்டும் மாறுகிறது என்றால் நகரும் தாடை சாய்ந்தாடுகிறது. மேல்விளிம்பில் உள்ள சிறு திருகுகளைச் சரிசெய்து அந்த ஆட்டத்தைக் குறைக்க முடியும். தாடை முகமே சரியாகத் தேய்க்கப்படாமல் இருந்தால் ஒன்றும் செய்வதற்கில்லை. பேரிங்கின் அகலத்தை மட்டும் அளவுகோலாகக் கொள்ளாதீர்கள், அதில் 0.12 மி.மீ. வரை வேறுபாடு அனுமதிக்கப்படும். பேரிங்கிலும் டூப்ளிகேட் உண்டு என்பதால் நம்பிக்கையான கடையில் பில்லோடு வாங்கியதை எடுங்கள்.

இனி இரண்டாவது சிக்கல். அசல் 150 மி.மீ. காலிப்பருக்கே நிறுவனம் சொல்லும் துல்லியம் கூட்டியோ குறைத்தோ 0.02 மி.மீ.தான். மோட்டார் ஷாஃப்ட்டில் 6205 இறுக்கமாக உட்கார வழக்கமாக வைக்கும் கே6 என்ற பொருத்த வரம்புக்கு ஷாஃப்ட் 25.002-க்கும் 25.015-க்கும் இடையே இருக்க வேண்டும். திரையில் 25.00 தெரிந்தபோது உண்மை அளவு 24.98 ஆகவும் இருந்திருக்கலாம், அசல் கருவியிலும்கூட. கடைந்த சூட்டோடு அளப்பதும் ஏமாற்றும்: 25 மி.மீ. இரும்பு 30 டிகிரி கூடுதல் சூட்டில் இருந்தால் ஏறத்தாழ 9 மைக்ரான் பெருத்துக் காட்டும்.

பதில் (கும்பகோணம்)

நான் கருவிக் கடை நடத்துபவன் என்பதால், விற்பவன் பக்கத்திலிருந்து சொல்கிறேன். உற்பத்தியாளரின் இந்திய நிறுவனத்துக்குக் கருவியின் முன்பின் படங்களையும் வரிசை எண்ணையும் பில்லையும் அனுப்பிக் கேளுங்கள். போலி என்று எழுத்தில் பதில் வந்தால் பணத்தைத் திரும்பப் பெறுவது எளிதாகும். இணையக் கடை மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. ஒன்றை மட்டும் செய்துவிடாதீர்கள். போலி என்று தெரிந்த பிறகு அதை அசல் என்று இன்னொருவர் தலையில் கட்டுவது 1999ஆம் ஆண்டின் வணிகக் குறியீடுகள் சட்டப்படி சிறைத்தண்டனைக்குரிய குற்றம்.

என்.ஏ.பி.எல். (ஆய்வுக்கூடங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் பெற்ற அளவுத்திருத்தக் கூடத்துக்கு அனுப்பலாம் என்றும் சிலர் சொல்வார்கள். கருவியில் எவ்வளவு பிழை என்பதை அவர்கள் சொல்வார்களே தவிர, அதைச் செய்தது யார் என்று சொல்வது அவர்கள் வேலை அன்று. குறைந்த விலையில்தான் வாங்க வேண்டும் என்றால், தன் சொந்தப் பெயரில் விற்கப்படும் மலிவான காலிப்பரே மேல் என்பது என் கருத்து. கெட்டுப்போனால் கேட்பதற்கு ஒரு முகவரியாவது இருக்கும்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. எஸ்.ஆர்.44 போட்டிருக்கிறேன், அது எவ்வளவு நாள் வருகிறது என்று பார்க்க வேண்டும். வேகமாகத் தள்ளிய சோதனையில் பூஜ்யம் சரியாகத் திரும்பியது. ஆனால் புதிய பேரிங்கின் வெளிவிட்டம் அடியில் 51.99, நுனியில் 51.93 என்று வருகிறது. திருகுகளை இறுக்கியும் மாறவில்லை. மூடிய தாடைகளின் நுனியில் ஒளியும் தெரிகிறது. நிறுவனத்துக்குப் படங்களை அனுப்பிவிட்டேன். ஷாஃப்ட் வேலைக்கு 0–25 மி.மீ. மைக்ரோமீட்டர் (திருகி நுட்பமாக அளக்கும் கருவி) ஒன்றை வாங்கலாம் என்றிருக்கிறேன், சரியா ஐயா?

பதில் (துவாக்குடி)

உங்கள் ஷாஃப்ட் 25.002-க்கு மேல் இருக்க வேண்டியது. 0–25 கருவியின் எல்லை 25-லேயே முடிந்துவிடுகிறது. பேரிங் இடங்களுக்கு 25–50 வாங்குங்கள், சிறு புஷ்களுக்கு 0–25 பிறகு வாங்கிக்கொள்ளலாம். 25–50 கருவியுடன் பூஜ்யம் பார்ப்பதற்கு 25 மி.மீ. செட்டிங் ஸ்டாண்டர்டு (நீளம் தெரிந்த ஒப்பீட்டுத் தண்டு) ஒன்று பெட்டியிலேயே வரும். அதை மட்டும் நம்பிச் சோதிக்காதீர்கள், டூப்ளிகேட்டாக இருந்தால் இரண்டும் ஒரே இடத்தில் செய்தவை. அருகில் உள்ள பாலிடெக்னிக் அல்லது ஐ.டி.ஐ. ஆய்வகத்தில் 25 மி.மீ. ஸ்லிப் கேஜ் (துல்லியமான உலோக அளவுக்கட்டை) இருக்கும்; கடைக்காரரிடம் திருப்பித் தரும் காலக்கெடுவை முன்பே பேசி வைத்துக்கொண்டு, அதற்குள் அங்கே கொண்டுபோய் ஒருமுறை ஒப்பிட்டுவிடுங்கள். கேஜும் கருவியும் ஒரே மேசையில் ஒரு மணி நேரமாவது ஒன்றாக இருந்த பிறகு, ராச்செட்டை (அளவான அழுத்தத்துக்கு மேல் வழுக்கிவிடும் திருகுப்பிடி) கொண்டு மட்டும் இறுக்கி அளந்து பாருங்கள்.