பெட்டியைக் கழற்றும்போது கொழுவி ஆணி இறுகிக்கொள்கிறது

செங்கலடி வயல்காரன்:
வணக்கம். என்னுடைய உழவு இயந்திரத்தில் இரண்டு சில்லுப் பெட்டியை (டிரெய்லரை) கொழுவிப் பெரும்போக நெல்லை வயலிலிருந்து வீட்டுக்கு ஏற்றி வருகிறேன். கொழுவும்போது இரண்டையும் பிணைக்கும் ஆணி தன் பாட்டில் இறங்கிவிடுகிறது. ஆனால் முற்றத்தில் பெட்டியை விட்டுவிட்டு இயந்திரத்தை மட்டும் எடுக்க முனைந்தால் ஆணி அசைய மறுக்கிறது. கீழிருந்து சுத்தியலால் அடித்ததில் அதன் நுனி காளான்போல் விரிந்தும் விட்டது. கிறீஸ் பூசியும் பலனில்லை. துருதான் காரணமா?

படுவான்கரையான்:
தம்பி, கிறீஸ் பூசிய பிறகும் இறுகுகிறது என்றால், துருவைவிட ஆணியின்மேல் விழும் இழுவையையே முதலில் பார்க்க வேண்டும். முற்றம் சற்றே சரிவாக இருந்தாலும் பெட்டி பின்னுக்கு இழுக்கும், அல்லது முன்னுக்குத் தள்ளும்; அந்தப் பாரத்தைத் தாங்கி நிற்கும் ஆணியைக் கையால் உருவ முடியாது. பெட்டிச் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கல் வைத்துவிட்டு, பெட்டி இழுத்து நின்றால் இயந்திரத்தை ஓரங்குலம் பின்னுக்கும், தள்ளி நின்றால் ஓரங்குலம் முன்னுக்கும் நகர்த்துங்கள். பெட்டியின் முன்தண்டில் ஆணி நுழையும் வளையம் தளர்ந்ததும் கைப்பிரேக்கைப் போட்டு, இயந்திரத்தை நிறுத்திய பின்பே ஆணியில் கை வையுங்கள். இயந்திரம் நகரும்போது இடையில் ஒருவரும், சிறுபிள்ளைகள் குறிப்பாக, நிற்கக்கூடாது.

அக்கரைப்பற்று மெக்கானிக்:
மேலே சொன்னது சரி, ஆனால் இயந்திரத்தின் ஒரு சில்லு மட்டும் பள்ளத்தில் இறங்கியிருந்தால் வளையம் சரிந்து, ஆணியை மேலும் கீழுமாக இரண்டு விளிம்புகளில் கடித்துக்கொள்ளும். அப்போது முன்பின் நகர்த்தலால் பயனில்லை, சமதரைக்குக் கொண்டுபோக வேண்டியதுதான். இரண்டு சில்லுப் பெட்டியில் இன்னோர் ஆபத்தும் உண்டு. மூட்டைகள் பின்பக்கம் அதிகமாக இருந்தால், ஆணி கழன்ற கணமே முன்தண்டு மேலெழுந்து முகத்தில் அடிக்கும். முன்பக்கம் அதிகமானால் கீழே விழுந்து காலை நசுக்கும். ஆகவே நெல்லை இறக்கிவிட்டு, தண்டின்கீழ் ஜக்கோ உறுதியான மரக்கட்டையோ கொடுத்த பிறகே கழற்ற வேண்டும்.

கிறீஸ் பற்றியும் ஒரு வார்த்தை. நம் மணல் நிலத்தில் பழைய கிறீஸோடு மணல் சேர்ந்தால் அது அரம்போல ஆணியைத் தேய்க்கும். மண்ணெண்ணெயால் கழுவித் துடைத்துவிட்டுப் புதிதாகப் பூசுங்கள். விரிந்த நுனியையும் அராவி எடுக்காமல் விட்டால், மேலே இழுக்கும்போது அதுவே துளையில் மாட்டிக்கொள்ளும்.

செங்கலடி வயல்காரன்:
மிக்க நன்றி. முற்றம் கிணற்றடிப் பக்கம் சரிந்திருப்பதை இத்தனை நாளாகக் கவனிக்கவில்லை. இன்று இயந்திரத்தைச் சற்றுப் பின்னுக்கு எடுத்தவுடன் வளையம் தளர்ந்தது, விரிந்த நுனியை அராவியதும் ஆணி கையோடு வந்துவிட்டது. ஆனால் சமமான பலகையில் உருட்டிப் பார்த்தபோது அது நேராக உருளாமல் தள்ளாடியது. நடுவில் வளையம் தேய்த்த பள்ளமும் தெரிகிறது.

அக்கரைப்பற்று மெக்கானிக்:
அப்படியானால் அதை நிமிர்த்திப் பாவிக்காதீர்கள். வீட்டில் கிடக்கும் இரும்புக் கம்பியையும் வெட்டிப் போட வேண்டாம். துளைக்குப் பொருந்தும் கடின உருக்கு ஆணியை வாங்கி, கீழே பாதுகாப்புக் கிளிப்பையும் மறக்காமல் மாட்டுங்கள்.