கல்லோடனில் ஹைலாண்டர்களின் பாய்ச்சல் ஏன் பலிக்கவில்லை?

வடகடல்:
ஸ்டூவர்ட் வம்சத்தை மறுபடி பிரிட்டிஷ் அரியணை ஏற்ற ஜேக்கபைட்கள் நடத்திய கிளர்ச்சிகளைப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஸ்காட்லாந்தின் வடக்கு மலைநாட்டுக் குலத்தவரான ஹைலாண்டர்கள்தான் அவர்கள் படையின் முதுகெலும்பு. 1689-இல் கில்லிகிராங்கி, 1745 செப்டம்பரில் ப்ரெஸ்டன்பான்ஸ், 1746 ஜனவரியில் ஃபால்கர்க். மூன்றிலும் வாளோடு ஓடிவந்து மோதும் அதே உத்திதான் அரசுப் படையைச் சிதறடித்தது. ஆனால் 1746 ஏப்ரல் 16 அன்று கல்லோடனில் ஒரு மணி நேரத்துக்குள் ஆட்டம் முடிந்துவிட்டது. அரசுப் படைத் தளபதி கம்பர்லண்ட் கோமகன் கற்றுக்கொடுத்த புது பயனெட் (துப்பாக்கி முனைக் கத்தி) பயிற்சிதான் காரணம் என்கிறார்கள். அது ஒன்று போதுமா?

மேட்டுநிலம்:
போதாது. எதிரே வருபவனை விட்டுவிட்டு, வலப்பக்கத் தோழனைத் தாக்க வருபவனைக் குத்து என்பது அந்தப் பயிற்சி. ஹைலாண்டருக்குக் கேடயம் இடது கையில் இருப்பதால், வாள் ஓங்கிய வலப்பக்கம் திறந்திருக்கும். ஆனால் இதெல்லாம் ஆள் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்த பிறகுதான். பெரும்பாலோர் அவ்வளவு தூரம் வந்து சேரவே இல்லை.

இந்தப் பாய்ச்சல் முழுக்க முழுக்க நேரக் கணக்கு. ஐம்பது, அறுபது கஜம் நெருங்கியதும் ஒரே ஒரு தடவை சுடுவார்கள். துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டு, புகை கலைவதற்குள் வாளை உருவிக்கொண்டு கும்பலாக மோதுவார்கள். நல்ல பயிற்சி உள்ள சிப்பாயே நிமிடத்துக்கு மூன்று முறைதான் சுட முடியும். ஆகவே ஓடி வருபவர்கள் மீது அவனுக்குக் கிடைப்பது ஒரு வேட்டு, மிஞ்சினால் இரண்டு. கில்லிகிராங்கியில் அரசுப் படையின் பயனெட்டைக் குழலின் வாய்க்குள்ளேயே செருக வேண்டியிருந்தது. செருகினால் சுட முடியாது, சுட்டுவிட்டுச் செருக நேரமில்லை. ஃபால்கர்க்கில் மழை தோட்டாக்களை நனைத்துவிட்டது.

கல்லோடனில் நிலம் சமதளம், நடுநடுவே சதுப்பு. ஆலங்கட்டி கலந்த மழை ஜேக்கபைட்கள் முகத்தில் அடித்தது. முன்னேறு என்ற கட்டளை வரும்வரை பீரங்கிக் குண்டுக்கு முன்னால் வெறுமனே நிற்க வைத்தார்கள். ஓடத் தொடங்கியதும் கம்பர்லண்டின் பீரங்கிகள் சிதறுகுண்டுக்கு மாறின. நடுவில் வந்த சாட்டன் குலத்தவர் சதுப்பையும் குண்டையும் தவிர்க்க வலப்பக்கம் ஒதுங்கப்போய், அங்கிருந்த ஆதோல் படையோடு முட்டி மோதி நெரிசலாகிவிட்டது. அவர்களுக்கு வலப்புறம் கல்சுவர் வேறு. அப்படியும் அரசுப் படையின் முன்வரிசையில் நின்ற பாரல் ரெஜிமென்டை உடைத்தார்கள். ஆனால் பின்னாலிருந்த இரண்டாம் வரிசை முன்னேறி வந்து உள்ளே நுழைந்தவர்களைச் சுட்டுத் தள்ளியது. இடது கோடியில் மெக்டொனால்டுகள் இன்னும் அதிக தூரம், அதுவும் தண்ணீர் தேங்கிய தரையில் ஓட வேண்டியிருந்தது. அவர்கள் கைகலப்புக்கே போய்ச் சேரவில்லை.

இன்னொன்று. போருக்குப் பின் களத்தில் பொறுக்கிய ஆயுதக் கணக்கில் துப்பாக்கி 2,320, வாள் வெறும் 190. எல்லோரும் வாள் வீரர்கள் என்ற படமே பாதி கற்பனை.

தானியக்கிடங்கு:
களத்துக்கு வருமுன்பே பாதி தோற்றாகிவிட்டது. ஏப்ரல் 15 அன்று ஆளுக்கு ஒரு பிஸ்கட்தான் கிடைத்தது. இன்வர்னெஸில் ஓட்ஸ் மாவு இருந்தது, ஐந்தே மைல். வண்டி கட்டி அனுப்ப ஆளில்லை. அன்று கம்பர்லண்டின் பிறந்தநாள். அவர் முகாமைத் தூக்கத்தில் தாக்கலாம் என்று இரவு எட்டு மணி வாக்கில் நேர்ன் நோக்கிக் கிளம்பினார்கள். இருட்டிலும் சேற்றிலும் வரிசை பிய்ந்து, விடிவதற்குள் போய்ச் சேர முடியாது என்று தெரிந்ததும் திரும்பினார்கள். திரும்பியவர்களில் பலர் சோறு தேடி இன்வர்னெஸுக்குப் போனார்கள், பலர் கண்ட இடத்தில் தூங்கிவிட்டார்கள்.

காசும் இல்லை. மார்ச்சில் பிரெஞ்சுத் தங்கத்தோடு வந்த கப்பல் வடகோடியில் டங் அருகே பிடிபட்டது. அதை மீட்கப் போன குரோமார்ட்டி பிரபு, கல்லோடனுக்கு முந்தின நாள் டன்ராபினில் சிறைப்பட்டார். அவருடைய படையும் களத்தில் இல்லை. (அவரோடு பிடிபட்ட மகன் மக்லியாட் பிரபுதான் பின்னாளில் 73-ஆம் ஹைலாண்ட் ரெஜிமென்டைத் திரட்டி 1780-இல் மதராஸில் வந்திறங்கியவர். அதன் இரண்டு கம்பெனிகள் அதே ஆண்டு காஞ்சிபுரம் பக்கம் புள்ளலூரில் ஹைதர், திப்பு படையிடம் சிக்கின.)

வடகடல்:
மிக்க நன்றி. ஜேக்கபைட் தளபதி ஜார்ஜ் மரே சொன்னபடி நேர்ன் ஆற்றுக்குத் தெற்கே நின்றிருந்தால்?

மேட்டுநிலம்:
கரடுமுரடான அந்தச் சரிவில் குதிரைப்படையும் பீரங்கியும் எளிதில் வந்திருக்க முடியாது. போர்க்களமாக மட்டும் பார்த்தால் மரே சொன்னதுதான் சரி என்பேன். ஆனால் அங்கே போனால் இன்வர்னெஸ் சாலை கம்பர்லண்டுக்குத் திறந்துவிடும், இருக்கிற கொஞ்ச மாவும் போய்விடும். கிளர்ச்சியின் தலைவரான ஸ்டூவர்ட் இளவரசர் சார்லஸும் அவருடைய ஆலோசகர் ஓ'சல்லிவனும் கல்லோடன் சமதளத்திலேயே நின்றதற்கு அது ஒரு காரணம்.

தானியக்கிடங்கு:
ஆமாம். தோற்ற பிறகும் ரூத்வனில் சுமார் 1,500 பேர் கூடினார்கள், சண்டைக்கும் தயாராக இருந்தார்கள். அவரவர் உயிரை அவரவர் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்று சார்லஸிடமிருந்து செய்தி வந்தது. அந்தக் கூட்டத்துக்கு ஒரு வாரம் சோறு போடவும் அங்கே வழியில்லை.