மேல் பாராம் ஆற்றுக் கிராமத்துப் பிள்ளைகளுக்கு ஊரிலேயே எதிர்காலம் உண்டா?

கேள்வி: ஆற்றோர ஆசிரியை

வணக்கம். தீபகற்ப மலேசியாவிலிருந்து மாற்றலாகி வந்து, சரவாக் மாநிலத்தில் பாராம் ஆற்றின் மேற்பகுதியான மேல் பாராமில் ஒரு தொடக்கப்பள்ளியில் கற்பித்து வருகிறேன். ஊரார் அனைவரும் கென்யா (Kenyah) என்னும் சரவாக் பூர்வகுடி இனத்தவர். ஆற்றைப் பார்த்தபடி, பல குடும்பங்கள் ஒரே கூரையின்கீழ் வாழும் நீண்டவீடுகள், ஒரு தேவாலயம், பள்ளியும் அதன் விடுதியும், அதற்கு அப்பால் மலைநெல் பயிராகும் சரிவுகள், அவற்றைச் சூழ்ந்த காடு என்பதே ஊரின் அமைப்பு. மிரி நகரத்துக்குப் போவதானால், மரம் வெட்டும் நிறுவனங்கள் போட்ட வெட்டுமரச் சாலையில் ஒரு பகல் முழுவதும் வண்டியில் குலுங்க வேண்டும். மழை வலுத்தால் அதற்கும் வழியில்லை.

ஆறாம் ஆண்டு முடித்த பிள்ளைகள் லோங் லாமா, மருடி, மிரி ஆகிய ஊர்களின் இடைநிலைப்பள்ளிகளுக்குச் செல்கிறார்கள். இடைநிலைப்பள்ளியின் படிவம் ஐந்து முடித்த பிறகு ஊருக்குத் திரும்பி வாழ்பவர்கள் மிகச் சிலரே. பெற்றோர் சந்திப்பு ஒன்றில் ஒரு முதியவர், "நீங்கள் நன்றாகச் சொல்லிக்கொடுக்கச் சொல்லிக்கொடுக்க எங்கள் வீட்டில் ஆள் குறைகிறதே, சிக்கு" என்றார். (மலாயில் ஆசிரியரை அழைக்கும் சொல் அது.) அவர் குறை கூறவில்லை. ஆனால் எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இத்தகைய ஊர்களுக்கு உண்மையிலேயே என்ன வாய்ப்பு இருக்கிறது? இப்பகுதியை அறிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1: மிரிவாசி

ஆசிரியைக்கு வணக்கம். வெட்டுமர முகாம்களில் கணக்கு எழுதிப் பிழைத்தவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலில், இந்த ஊர்கள் உலகத்தோடு தொடர்பற்றுக் கிடந்தவை என்று எண்ணிவிட வேண்டாம். பாராம் மக்கள் காட்டுப் பொருள்களைக் கீழே கொண்டுவந்து உப்பும் துணியும் வாங்கிச் சென்ற வணிகம் மிகப் பழையது. ஒருவரோடொருவர் போரிட்டுக்கொண்டிருந்த இனக்குழுக்களை 1899-இல் மருடியில் கூட்டி, ஆட்சி அதிகாரியாக இருந்த சார்ல்ஸ் ஹோஸ் படகுப் போட்டி நடத்திச் சமாதானம் செய்துவைத்தார். அந்தப் போட்டி இன்றும் நடக்கிறது. மாறியது தொடர்பு அல்ல, அதன் திசை. 1980களில் வெட்டுமரச் சாலைகள் உள்ளே நுழைந்த பிறகு ஊர் ஆற்றிடமிருந்து விலகிச் சாலையைச் சார்ந்தது. மருடியிலிருந்து மேலே ஓடிய எக்ஸ்பிரஸ் படகுகளுக்கு ஆள் குறைந்தது, மண் கரைந்து இறங்கியதால் ஆறு கலங்கியது, மீன் குறைந்தது. 1987-இல் பெனான் என்னும் மற்றொரு பூர்வகுடி மக்களும் அவர்களோடு சேர்ந்த மற்றவர்களும் பாராம், லிம்பாங் பகுதிகளில் சாலைகளை மறித்தபோது, அவ்வாண்டின் இறுதிக்குள் வெட்டுமரச் சாலையை மறிப்பதே குற்றம் என்று சட்டம் திருத்தப்பட்டது.

ஆயினும் அந்தச் சாலையால்தான் பிரசவ வேதனையில் இருக்கும் பெண்ணை மருத்துவமனைக்குக் கொண்டுபோக முடிகிறது என்பதை எந்த ஊராரும் மறுக்க மாட்டார்கள். வானூர்தி மருத்துவச் சேவை 1970களிலிருந்து இயங்குகிறது; லோங் ஆக்கா, லோங் பாங்கா போன்ற சிறு ஓடுதளங்களில் 19 இருக்கை கொண்ட ட்வின் ஆட்டர் விமானம் இறங்குகிறது; ஆனால் இரண்டுமே வானிலைக்குக் கட்டுப்பட்டவை. சங்கடம் என்னவென்றால், சாலையைப் பராமரித்தது ஊருக்காக அல்ல, மரத்துக்காக. மரம் தீர்ந்து முகாம் மூடப்பட்டால் பாலம் உடைந்தாலும் கேட்க ஆளில்லை. முகாமில் இருந்த சம்பள வேலைகளும் அதோடு போய்விடும். உங்கள் மாணவர்களின் அண்ணன்மார் மிரிக்கும் பிந்துலுவுக்கும் போனதற்குக் கல்வி மட்டும் காரணமல்ல.

மறுமொழி 2: நிலச்சட்டம் பயின்றவன்

மிரிவாசி ஐயா சொன்னதோடு உடன்படுகிறேன். ஆனால் வேலையைவிட நிலமே அடிப்படையானது என்பது என் கருத்து. நிலம் உறுதியாக இருந்தால் வெளியூர் போனவன் ஐம்பது வயதில்கூடத் திரும்பலாம். நிலம் போய்விட்டால் திரும்ப இடமே இராது.

சரவாக் நிலச் சட்டத் தொகுப்பின்படி, 1958 ஜனவரி 1-க்கு முன் காடு திருத்திப் பயிரிட்டிருந்தால் அந்த நிலத்தில் பூர்வகுடிகளுக்கு மரபுரிமை உண்டு. பயிர்நிலத்துக்கு அப்பால், ஊரார் வேட்டைக்கும் பிரம்புக்கும் மரத்துக்கும் நாடும் காட்டுக்கும் அந்த உரிமை நீளுமா என்பதே நெடுங்காலப் பூசல். 2001-இல் நோர் ஞாவாய் வழக்கில் உயர் நீதிமன்றம் நீளும் என்றது. 2016 டிசம்பரில் சண்டா வழக்கில் நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றத்தின் பெரும்பான்மை, காட்டுக்கும் உரிமை கோரும் அந்த வழக்கத்துக்குச் சட்ட வலு இல்லை என்றது. எதிர்ப்பு வலுக்கவே, 2018-இல் சட்டம் திருத்தப்பட்டு ஊர் எல்லை நிலத்துக்கு ஓர் இடம் கிடைத்தது. ஆனால் பொதுவாக 500 ஹெக்டேர் என்ற வரம்புடன். தலைமுறைகளாக ஒரு பள்ளத்தாக்கு முழுவதையும் பயன்படுத்தி வந்த ஊருக்கு இது எவ்வளவு சிறியது என்பது அங்கேயே இருக்கும் உங்களுக்குத் தெரியும்.

நிலம் போனால் என்ன ஆகும் என்பதற்கு, இதே சரவாக்கின் பாலுய் ஆற்று மக்களே சான்று. 2,400 மெகாவாட் பாக்குன் அணைக்காக ஏறத்தாழ 10,000 பேர் 1998 முதல் சுங்கை ஆசாப்புக்குக் குடிபெயர்க்கப்பட்டார்கள். குடும்பத்துக்குக் கிடைத்த விளைநிலம் மூன்று ஏக்கர்! மலைநெல் பயிரிடும் முறைக்கு, நிலத்தைச் சில ஆண்டுகள் ஆறவிட வேண்டும்; மூன்று ஏக்கரில் அதற்கு இடமேது? போக மறுத்த கென்யா குடும்பங்கள் சில, மேலே லோங் லாவேனில் ஊர் அமைத்து, ஓடையிலிருந்து சிறு நீர்மின் நிலையம் ஒன்றை உருவாக்கிக்கொண்டன. உங்கள் பாராம் ஆற்றுக்கும் 1,200 மெகாவாட் அணை திட்டமிடப்பட்டிருந்தது. 2013 அக்டோபரில் தொடங்கிய சாலை மறியலை ஊரார் விடாமல் நடத்தினார்கள்; முதலமைச்சர் அட்னான் சாத்தெம் 2015-இல் திட்டத்தை நிறுத்திவைத்தார்; அடுத்த ஆண்டு, அணைக்கென அறிவிக்கப்பட்ட நிலமும் விடுவிக்கப்பட்டது. மறியல் முகாமில் இரவு காவலிருந்தவர்களில் நகரத்திலிருந்து விடுப்பெடுத்து வந்தவர்களும் உண்டு. ஆகவே வெளியே போனவர்களை ஊர் இழந்துவிட்டது என்று கணக்கெழுதுவது சரியல்ல.

மறுமொழி 3: தோட்டத்துப் பெண்

இத்தகைய ஊர்களை நாம் அழகாக்கிப் பார்ப்பதில் எனக்கு ஐயம் உண்டு. ஜெனரேட்டர் எண்ணெய்க்குப் பணம் தேடியவர்களும், பிறப்புப் பத்திரம் இல்லாததால் பள்ளிப் பதிவில் அல்லாடிய பெனான் பிள்ளைகளும் அதே ஆற்றங்கரையில்தான் இருக்கிறார்கள். போக விரும்புகிற பிள்ளையைத் தடுப்பதற்கு யாருக்கும் உரிமையில்லை.

தீபகற்பத்தில் தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்ட காலத்தில் நம் தமிழ்த் தொழிலாளர்கள் வெளியேற்றப்பட்டது, கூலியும் குடியிருப்பும் ஒரே கையில் இருந்ததால்தான். மலேசிய இந்தியர்களின் தலைவர் துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தோட்டங்களை வாங்க முனைந்தது அதற்காகவே. நமக்கு இல்லாத ஒன்று கென்யா மக்களிடம் இருக்கிறது. அவர்கள் வாழும் நிலம் அவர்கள் முன்னோர் திருத்தியது. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசக் கூடாது.

ஆற்றோர ஆசிரியை:

மூவருக்கும் நன்றி. இங்கே இப்போது சூரிய மின்தகடு வந்துவிட்டது. மாலையில் விடுதிப் பிள்ளைகள் விளக்கில் படிக்கிறார்கள். வருமானத்துக்கு ஊரிலேயே ஏதேனும் உண்டா என்பதையும், நிலத்துக்காக இப்போதே என்ன செய்யலாம் என்பதையும் யாராவது சொல்ல முடியுமா?

மறுமொழி 4: மிரிவாசி

வருமானத்துக்கு, தகாங் முறையைக் கேட்டுப் பாருங்கள். ஆற்றின் ஒரு பகுதியில் மீன்பிடிப்பதை ஊரே தடைசெய்து, குறித்த நாளில் மட்டும் திறந்து, கிடைப்பதைப் பங்கிடும் ஏற்பாடு அது. செமா, எம்புராவ் மீன்கள் மீண்டும் பெருகும். எம்புராவ் நகர உணவகங்களில் ஒரு கிலோ பல நூறு ரிங்கிட்டுக்கு விலைபோகிறது. ஆனால் மேலே மரம் வெட்டி ஆறு கலங்கினால் தகாங் பயன்தராது. செம்பனையை, அதாவது எண்ணெய்ப் பனையை, பலர் பரிந்துரைப்பார்கள். பறித்த குலையை விரைவில் ஆலைக்குச் சேர்க்க வேண்டும் என்பதால், உங்கள் சாலையை நம்பி அதில் இறங்குவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

மறுமொழி 5: நிலச்சட்டம் பயின்றவன்

நிலத்துக்கு, முதியவர்கள் இருக்கும்போதே அவர்களோடு நடந்து போய்ப் பழைய நீண்டவீடு நின்ற இடங்கள், கல்லறைகள், நட்டு வளர்த்த துரியான் மரங்கள் ஆகியவற்றை இடப்பெயரோடு பதிந்துவைக்கச் சொல்லுங்கள். வழக்கு என்று வந்தால் 1958-க்கு முந்தைய வான்வழிப் படங்களோடு இவற்றைத்தான் ஒப்பிடுவார்கள். ஒன்றைக் கவனத்தில் கொள்ள வேண்டும்: ஊரார் வரைந்த வரைபடம் நீதிமன்றத்தில் எடுபட்டதைத் தொடர்ந்து, 2001-இல் நில அளவையர் சட்டம் கொண்டுவரப்பட்டு, உரிமம் இல்லாதவர் எல்லை அளப்பதற்குக் கட்டுப்பாடு வந்தது. எனவே எல்லைக்கோட்டை நீங்களோ மாணவர்களோ வரைய வேண்டாம். முதியவர்களின் வாய்மொழியைக் கென்யா மொழியிலேயே பதிவுசெய்யலாம். அதற்குத் தடை ஏதும் இல்லை. அரசு ஊழியராகிய நீங்கள் முன்நிற்காமல், ஊர்த்தலைவரான கெத்துவா காவுமின் பொறுப்பில் அது நடப்பது எல்லோருக்கும் நல்லது.