நீலச் சாயமும் கல்தடுப்பும்

குழு: மதுரை வீட்டுச் சொந்தங்கள்

அம்மா, இரவு 8:05
கவிதா, நிலா திங்கள் முதல் பள்ளிக்குச் சைக்கிளில் போகப்போவதாக மாப்பிள்ளை சொன்னதிலிருந்து எனக்கு மனம் நிலைகொள்ளவில்லை. லாரியும் பேருந்தும் விரையும் லண்டன் சாலையில் பதின்மூன்று வயதுப் பெண்ணை எப்படித் தனியாக அனுப்புகிறாய்?

கவிதா, 8:11
அம்மா, ஸ்ட்ராட்ஃபோர்டிலிருந்து ‘போ’ ரவுண்டானா வழியாக மைல் எண்ட் வரை சைக்கிளுக்கென்றே தனிப்பாதை இருக்கிறது.

அம்மா, 8:12
ஊரின் பெயரே ‘போ’ என்று இருந்தால் என் பேச்சு எங்கே எடுபடும்?

சுந்தரம் மாமா, 8:20
பாதையைப் பிரித்திருப்பது கல்லா, சாயமா? பணியில் இருந்தபோது ஓர் ஊரில் கோடு போட்டுப் பச்சைச் சாயம் பூசி, சைக்கிள் படமும் வரைந்தோம். மூன்றாம் நாளே அந்தப் படத்தின்மேல் இரண்டு கார்களும் ஓர் இளநீர் வண்டியும் நின்றன. அவற்றைச் சுற்றிப்போக நடுச்சாலைக்கு வந்த சைக்கிள்காரர்களுக்கு முன்பைவிட ஆபத்துதான் கூடியது.

கவிதா, 8:34
சரியான கேள்வி மாமா. 2011இல் இந்தப் பாதையைத் திறந்தபோது பெரும்பாலும் நீலச் சாயம் மட்டுமே இருந்தது. அந்த ஆண்டிலேயே அந்த ரவுண்டானாவில் சைக்கிளில் சென்ற இருவர் லாரி மோதி இறந்தார்கள். தடுப்பில்லாத நீலச் சாயம் சைக்கிளில் வருபவர்களுக்குப் பொய்யான பாதுகாப்பு உணர்வைத் தருகிறது என்று 2013இல் மரண விசாரணை அதிகாரியே எச்சரித்தார். அதற்குப் பிறகுதான், 2016க்குள், பாதையின் பெரும்பகுதிக்குக் கல்தடுப்பு வந்தது.

செந்தில், 8:41
தடுப்பு சந்திப்போடு முடிந்துவிடுமே, அக்கா. இடப்பக்கம் திரும்பும் லாரியின் ஓட்டுநருக்குத் தன் கதவை ஒட்டி நிற்கும் சைக்கிள் தெரியாது என்பதுதானே அங்கே சிக்கல்?

கவிதா, 8:50
ஆமாம், அதனால்தான் சந்திப்புகளில் சைக்கிளுக்குத் தனிச் சிக்னல் வைத்திருக்கிறார்கள். ‘போ’ ரவுண்டானாவில் அந்தச் சின்ன விளக்கு கம்பத்தில் நிலாவின் கண் மட்டத்திலேயே இருக்கிறது. அது பச்சையானதும் அவள் முன்னே நகர்ந்துவிடுவாள், லாரி பின்னால்தான் கிளம்பும். கல்லைவிட எனக்கு நம்பிக்கை தருவது அந்த விளக்குதான்.

சுந்தரம் மாமா, 9:02
அமெரிக்காவின் 12 பெருநகரங்களில் 13 ஆண்டுக் கணக்கை ஆராய்ந்து 2019இல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. தடுப்பு வைத்துப் பிரித்த பாதைகள் மிகுந்த நகரங்களில் காரில் செல்பவர்கள் உட்பட எல்லாருடைய சாலை மரணங்களும் குறைவாக இருந்தன. வெறும் சாயக் கோட்டுக்கு அப்படிப் பலன் தெரியவில்லை. சாலை குறுகியதாகத் தெரிந்தால் ஓட்டுநரின் கால் தானாகவே பிரேக்குக்குப் போகும் என்பதை நானும் அனுபவத்தில் கண்டிருக்கிறேன். சரி, பேருந்து நிறுத்தங்களில் என்ன ஏற்பாடு?

கவிதா, 9:10
பல இடங்களில் பாதை நிறுத்தத்தின் பின்புறமாக வளைந்து போகிறது. ஆனால் இறங்கும் பயணிகள் அதைக் கடந்துதான் நடைபாதைக்கு வர வேண்டும். பார்வையற்றோர் இதை எதிர்ப்பதில் நியாயம் இருக்கிறது. அங்கே வேகத்தைக் குறைக்க வேண்டியவள் நிலாதான், அதை அவளுக்குச் சொல்லியிருக்கிறேன்.

அம்மா, 9:14
நீ சொன்னால் கேட்பாளா? முதல் வாரம் மாப்பிள்ளையையும் ஒரு சைக்கிளில் அவள் பின்னாலேயே போகச் சொல்.