ரவி சித்தப்பா மாத்திரை: எங்க வீட்டு குரூப்ல ஓடுன பேச்சு

மாலதி சித்தி: வித்யா இருக்கியாம்மா? நேத்து டிஸ்சார்ஜ் ஆகி வந்துட்டோம், இவர் நுரையீரல் பூஞ்சைக்கு வோரிகோனசோல்னு ஒரு மாத்திரை குடுத்து காலைல ஒண்ணு ராத்திரி ஒண்ணுன்னு எழுதியிருக்காங்க, சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியான்னு கேக்க மறந்துட்டேன், அங்க இருந்த அவசரத்துல ஒண்ணும் ஓடல

சேகர் மாமா: சாப்பிட்டதும் போட சொல்லு மாலதி. எங்க ஆபீஸ்ல ஒருத்தருக்கு இதே பூஞ்சை பிரச்சனை, வயிறு நிறைய சாப்பிட்டுதான் போட்டார்

வித்யா அக்கா: மாமா அவர் போட்டது அநேகமா இட்ராகோனசோல் கேப்சூலா இருக்கும், அது சாப்பாட்டோட போட்டாதான் உடம்புல சேரும். இது வேற. வோரிகோனசோல் வெறும் வயித்துலதான், சாப்பிடறதுக்கு 1 மணி நேரம் முன்னாடி, இல்லன்னா சாப்பிட்டு 1 மணி நேரம் கழிச்சு. சாப்பாட்டோட போட்டா ரத்தத்துல சேருற அளவு குறையும். பேரு கடைசில எல்லாம் "கோனசோல்"னுதான் முடியும், அதுக்காக எல்லாம் ஒரே மாதிரி இல்ல

சேகர் மாமா: 🙏 சரி சரி ஃபார்மசிஸ்ட் அம்மா

மாலதி சித்தி: அப்ப காலைலயும் ராத்திரியும் 7 மணின்னு வெச்சுக்கறேன், சாப்பாடு 8க்கு மேல. அலாரம் வெச்சுட்டேன்

பிரபு: அக்கா ஒரு டவுட்டு. எனக்கு தொடையில படர்தாமரை மாதிரி இருக்கு, கிரீம் போட்டும் போகல. சித்தப்பா கோர்ஸ் முடிஞ்சு மிச்சம் இருந்தா நாலஞ்சு எனக்கு குடுங்க சித்தி 😁

வித்யா அக்கா: டேய். உள்ளுறுப்புல பூஞ்சை இறங்குனவங்களுக்கு குடுக்கற மருந்துடா அது, லிவர் டெஸ்ட் எடுத்து எடுத்து பாத்துக்கிட்டே குடுக்கறது. உன் தொடைக்கு தோல் டாக்டர்ட்ட போ. அப்புறம் நீ போடுற கிரீம் டியூப திருப்பி பாரு, ஸ்டீராய்டு கலந்த கிரீமா இருந்தா அரிப்பு நிக்கற மாதிரி இருக்கும், உள்ள பூஞ்சை பரவிக்கிட்டே இருக்கும்

பிரபு: பாத்தேன்… குளோபெட்டசால்னு போட்டிருக்கு

வித்யா அக்கா: ஸ்டீராய்டேதான், அதுலயும் ரொம்ப ஸ்ட்ராங்கு. நாளைக்கே டாக்டரை பாரு, டியூபையும் எடுத்துட்டு போய் காட்டு

அம்மா: ஏன்டா என்கிட்ட சொல்லவே இல்ல நீ

ரவி சித்தப்பா: எல்லாரும் நல்லா இருக்கீங்களா. எனக்கு இப்ப இருமல் இல்ல, காய்ச்சல் இல்ல, நல்லாத்தான் இருக்கேன். இத எத்தனை நாள் போடணும்னு கேட்டா டாக்டர் சிரிக்கறார். 2 வாரம் போட்டுட்டு நிறுத்திடலாம்னு இருக்கேன்

வித்யா அக்கா: சித்தப்பா நிறுத்தவே கூடாது. நுரையீரல்ல வந்த ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சைக்கு குறைஞ்சது 6 வாரத்துலேர்ந்து 12 வாரம் வரைக்கும் மருந்து போகும், சிலருக்கு அதுக்கும் மேல. இருமல் நின்னுட்டதால உள்ள சுத்தமாயிடுச்சுன்னு ஆகாது, ஸ்கேன்ல அந்த நிழல் கரையணும், உங்களுக்கு ஸ்டீராய்டு வேற ஓடிட்டிருக்கு, எதிர்ப்பு சக்தி கம்மியா இருக்கறப்ப பாதியில விட்டா அது திரும்ப கிளம்பும். எப்ப நிறுத்தணும்னு டாக்டர்தான் சொல்லணும்

மாலதி சித்தி: இவர் பழைய மாத்திரை டப்பாவை படம் எடுத்து போட்டிருக்கேன் பாரும்மா. பிரஷர், கொலஸ்ட்ரால், வாயு எல்லாம் அதுலதான் இருக்கு

வித்யா அக்கா: அந்த கொலஸ்ட்ரால் மாத்திரை டிஸ்சார்ஜ் ஷீட்ல இருக்கா சித்தி?

மாலதி சித்தி: இல்லயே. ஆனா இவர் காலைல அதையும் சேத்து முழுங்கிட்டார்

வித்யா அக்கா: அதை தனியா எடுத்து வெச்சுட்டு, காலைல போட்டுட்டார்னு டாக்டருக்கு போன்ல சொல்லிடுங்க. வோரிகோனசோல் லிவர்ல போய் மத்த மருந்து கழியுற வழியை அடைச்சுக்கும், அப்ப கொலஸ்ட்ரால் மாத்திரை உடம்புலயே தங்கி தசை பாதிக்கற அளவுக்கு போகலாம். அவங்க வேணும்னேதான் ஷீட்ல அதை எடுத்திருப்பாங்க. உடம்பு வலி இருந்தாலோ சிறுநீர் டீ கலர்ல போனாலோ அதையும் சொல்லுங்க. ரத்தம் உறையாம இருக்க குடுக்கற வார்ஃபரின், வலிப்பு மாத்திரை, டிபி மாத்திரை ரிஃபாம்பிசின், இதெல்லாம் கூட இதோட ஒத்துப்போகாது, ரிஃபாம்பிசின் சேந்தா பூஞ்சை மருந்தே வேலை செய்யாம போயிடும்

சேகர் மாமா: மாப்ள மனசு தெளிவா இருக்க ஒரு மூலிகை கேப்சூல் இருக்கு, செயிண்ட் ஜான்ஸ் வோர்ட்னு, சைடு எஃபெக்டே கிடையாதாம். அனுப்பட்டுமா?

வித்யா அக்கா: மாமாஆஆ வேண்டாம். அதுவும் ரிஃபாம்பிசின் மாதிரிதான், இந்த மருந்தோட சேக்கவே கூடாதுன்னு போட்டிருக்கற மூலிகை அது

சேகர் மாமா: இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

பிரபு: 😂😂

(ரெண்டு நாள் கழிச்சு)

மாலதி சித்தி: வித்யா, ராத்திரி மாத்திரை போட்டு அரை மணி நேரத்துல ட்யூப்லைட் பச்சையா தெரியுதுங்கறார், சுவரு நெளியுதாம். எனக்கு பயமா இருக்கு

வித்யா அக்கா: அந்த கண்ணு விஷயம் இந்த மருந்துல நிறைய பேருக்கு வரும் சித்தி, வெளிச்சம் கூசும், கலர் மாறும், கொஞ்ச நேரத்துல தானா சரியாயிடும். ராத்திரி வண்டி மட்டும் ஓட்ட விடாதீங்க. இன்னொண்ணு, கலர் மாறி தெரியுதா, இல்ல இல்லாத ஆளு, பொருள் ஏதாவது தெரியுதா? அத மட்டும் அவர்ட்ட கேட்டு சொல்லுங்க

ரவி சித்தப்பா: நானே சொல்றேன். திரைச்சீலை ஓரமா ஒரு பூனை போச்சு. நம்ம வீட்ல பூனை கிடையாது. மாலதி பயப்படுவான்னு சொல்லல

வித்யா அக்கா: சித்தப்பா அது கலர் மாறுறது இல்ல, அது வேற. மருந்து ரத்தத்துல அளவுக்கு மேல ஏறுனா இப்படி வரும். இப்பவே வார்டு நம்பருக்கு கூப்பிட்டு அப்படியே சொல்லுங்க, காலைல வரைக்கும் விடாதீங்க. நீங்களா டோஸ் குறைக்காதீங்க

அம்மா: மாலதி நான் கிளம்பி வரேன்

மாலதி சித்தி: பேசிட்டேன் அக்கா. காலைல ரத்தம் எடுக்க ஆளு வருவாங்களாம், மருந்து அளவும் லிவரும் பாக்கறாங்க. மாத்திரை போட்டுட்டு இருக்கணுமா வித்யா?

வித்யா அக்கா: இல்ல சித்தி, ரத்தம் எடுத்த பிறகுதான் காலை மாத்திரை. அடுத்த டோஸுக்கு முன்னாடி மருந்து எவ்ளோ தங்கியிருக்குன்னு பாக்கற டெஸ்ட் அது, போட்டுட்டு எடுத்தா நம்பர் தப்பா வரும். நேத்து ராத்திரி எத்தனை மணிக்கு போட்டீங்கன்னு ஒரு சீட்டுல எழுதி குடுங்க. ரத்தம் எடுத்ததும் காலை மாத்திரையை போடறதா, ரிசல்ட் வரட்டுமான்னு டாக்டர்ட்டயே கேட்டுக்கோங்க

மாலதி சித்தி: வந்துடுச்சு, 7.1ன்னு போட்டிருக்கு

வித்யா அக்கா: அதிகம்தான். மில்லிலிட்டருக்கு 1லேர்ந்து 5.5 மைக்ரோகிராமுக்குள்ள இருந்தா சரின்னு பொதுவா பாப்போம். சிலருக்கு லிவர்ல இந்த மருந்தை உடைக்கற என்சைம் பிறவியிலயே மெதுவா வேலை செய்யும், அடுத்தவருக்கு சரியா இருக்கற டோஸ் அவங்களுக்கு ஜாஸ்தியாயிடும். அதனாலதான் நான் யாரோட மாத்திரையையும் யாருக்கும் குடுக்காதீங்கன்னு கத்துறது

மாலதி சித்தி: டாக்டர் டோஸ் குறைச்சுட்டார். லிவர் கொஞ்சம் ஏறியிருக்கு, அடுத்த வாரம் மறுபடி பாக்கலாம்னார். கண்ணு மஞ்சளானாலோ, வாந்தி நிக்காம போனாலோ, படபடப்பு, மயக்கம் வந்தாலோ உடனே வர சொன்னார்

ரவி சித்தப்பா: மாடில நடக்கலாமா?

வித்யா அக்கா: நடங்க, வெயில் இறங்குனதும். இந்த மருந்துல தோல் சீக்கிரம் கருகிடும், பகல்ல வெளிய போனா முழுக்கை சட்டை, தொப்பி, சன்ஸ்கிரீன். மாசக்கணக்குல போடறவங்களுக்கு இதுல ரொம்ப கவனம் வேணும்

மாலதி சித்தி: நேத்து 7 மணி மாத்திரையை 9க்குதான் போட்டார்ம்மா, தூங்கிட்டார்

வித்யா அக்கா: பரவால்ல. ஞாபகம் வந்ததும் போடலாம், அடுத்த வேளை நெருங்கிடுச்சுன்னா விட்டுடணும், ரெண்டா சேத்து மட்டும் போடக்கூடாது

மாலதி சித்தி: சரிம்மா. வியாழக்கிழமை இவருக்கு பல் டாக்டர்ட்ட போகணும், ஏற்கனவே வாங்குன அப்பாயிண்ட்மெண்ட்

வித்யா அக்கா: அங்க போறதுக்கு முன்னாடி நம்ம டாக்டர்ட்ட ஒரு வார்த்தை கேளுங்க சித்தி. அந்த ஷீட்டையும் எடுத்துட்டு போங்க, வலிக்கோ வேற எதுக்கோ என்ன எழுதுனாலும் வோரிகோனசோல் ஓடுதுன்னு முதல்லயே சொல்லிடுங்க. எழுதி குடுத்தா எனக்கு ஒரு போட்டோ போடுங்க, வாங்கறதுக்கு முன்னாடி