பதிலி மருந்தா, தாங்குமருந்தா?

ஐயா, வணக்கம்.

அபின் வகைப் போதைக்குப் பழகியவர்களுக்கு அதற்குப் பதிலாக மையத்தில் மருந்து கொடுக்கிற சிகிச்சைக்குத் தமிழ்ப் பெயராக நீங்கள் சொன்ன ‘மாற்று மருந்துச் சிகிச்சை’ எனக்கு ஒப்பவில்லை. விஷமுறிவுக்கும் மாற்று மருந்து என்கிறோம், மாற்று மருத்துவம் என்றாலோ சித்தா, ஓமியோபதி என்று நினைத்துக்கொள்வார்கள். மையத்துக்குள் நாங்கள் எல்லாரும் ‘ஓபியாய்டு சப்ஸ்டிட்யூஷன் தெரபி’ என்ற ஆங்கிலப் பெயரைச் சுருக்கி ஓஎஸ்டி என்றே பேசுகிறோம், கோப்புக்கு அது சரி, உசிலம்பட்டியிலிருந்து பஸ் ஏறி வருகிற அம்மாவுக்கு என்ன புரியும்?

‘பதிலீடு’ இன்னும் மோசம். இங்கே ஒரு பையன் வந்துகொண்டிருந்தான், வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிப் பழகியவன். காலையில் புப்ரெனார்ஃபின் என்கிற சிகிச்சை மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்து, கரைகிற வரை எச்சில் விழுங்காமல் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பான், அப்புறம் வாயைத் திறந்து காட்டிவிட்டு நேரே கட்டட வேலைக்குப் போய்விடுவான். அவன் சீட்டில் ‘போதைப் பதிலீட்டுச் சிகிச்சை’ என்று அச்சடித்திருந்ததைத் தாய்மாமா படித்துவிட்டு, “அந்தப் போதைக்குப் பதிலா இந்தப் போதையாடா?” என்று கேட்டுவிட்டார். மறுநாளிலிருந்து ஆளைக் காணோம். நடுவில் நிறுத்தியவர்கள் பழைய அளவையே மறுபடி எடுத்தால் உடம்பு தாங்காது, மூச்சே நின்றுபோகலாம். ஒரு சொல்லுக்காக நான் இவ்வளவு மல்லுக்கட்டுவது அதனால்தான்.

இந்த மருந்து, மூளையில் அபின் வகைப் பொருள்கள் போய் ஒட்டுகிற இடங்களான ஓபியாய்டு ஏற்பிகளை இறுகப் பிடித்துக்கொண்டு அவற்றை ஓரளவு மட்டுமே இயக்குகிறது, உடம்புவலி, வாந்தி, தவிப்பு இல்லாமல் ஆள் நிலையாக நிற்கிறான். சோழவந்தான் பக்கம் குலை தள்ளிய வாழைக்கு முட்டுக் கொடுப்பார்களே, அந்த வேலைதான். அதனால் ‘தாங்குமருந்து’ என்கிறேன். சுடுசோறு, ஊறுகாய் மாதிரி வினைத்தொகை, சேர்த்தே எழுதலாம், ஒற்றும் மிகாது. இதே சிகிச்சைக்குக் கொடுக்கிற இன்னொரு மருந்தான மெத்தடோனுக்கும் இந்தப் பெயர் பொருந்தும். ஏற்பியை அடைத்துவிடுகிற நால்ட்ரெக்சோனுக்குப் பொருந்தாது, அதற்குத் ‘தடைமருந்து’ என்று தனியாக வைத்துக்கொள்வோம். ‘தாங்கு தாங்கென்று தாங்குகிறார்கள்’ என்று நம் ஊரில் செல்லம் கொடுப்பதையும் சொல்வோம், அந்த வாசம் ஒட்டினாலும் எனக்குச் சம்மதமே.

உலக சுகாதார நிறுவனம் 2005-லேயே மெத்தடோனையும் புப்ரெனார்ஃபினையும் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துவிட்டது. அமெரிக்காவில் புப்ரெனார்ஃபின் எழுத மருத்துவர்கள் தனி அனுமதி வாங்க வேண்டும் என்ற விதியை 2022 கடைசியில் எடுத்துவிட்டார்கள். நம் பக்கமும் இது தனி மையங்களைத் தாண்டித் தாலுகா ஆஸ்பத்திரி வரை வர வேண்டும், வரும்போது மருந்து கொடுக்கும் ஜன்னலுக்கு மேலே ஒரு பெயர் எழுதித்தானே ஆக வேண்டும்? அந்த வரிசையில் நிற்கிறவன், பக்கத்து வீட்டுக்காரர் பார்த்தாலும், “தாங்குமருந்து வாங்க வந்தேன்” என்று கூசாமல் சொல்ல முடிய வேண்டும்.

எங்கள் மையத்துச் சீட்டு வெள்ளிக்கிழமை மறுபடி அச்சுக்குப் போகிறது. மறுப்பு இருந்தால் அதற்குள் எழுதுங்கள் ஐயா.